எண்டோஸ்கோப்பி அறைக்கு அடுத்த கதவு

வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். தொண்டையில் கசப்பாக ஸ்ப்ரே அடித்தார்கள், இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள், "மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்று நர்ஸ் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார், பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது என்பார்கள். நடுவில் மருத்துவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "ஓப்பன்... க்ளோஸ்" என்று சொல்லியிருப்பார். அது யாருக்கும் நினைவிருக்காது. ஆனால் விஷயமே அங்கேதான் ஆரம்பிக்கிறது! அந்த 'க்ளோஸ்' சொன்ன கணத்தில் ஸ்கோப்பின் வழியே போன மெல்லிய இடுக்கி ஒன்று குடலின் உள்தோலில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, இரண்டு மூன்று மில்லிமீட்டர் சதையைக் கிள்ளிக்கொண்டு வந்து ஃபார்மலின் புட்டியில் உதறிவிட்டது. தொண்டை மரமரப்பு போனதும் நோயாளி வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். நாம் கிளம்ப வேண்டாம். அந்தப் புட்டியின் பின்னாலேயே போவோம், வாருங்கள்.

கதவில் 'ஹிஸ்டோபாத்தாலஜி' என்று எழுதியிருக்கும். பெரும்பாலான மருத்துவமனைகளில் நோயாளிகள் யாரும் எட்டிப் பார்க்காத ஏதோ ஒரு மூலையில் இருக்கும். உள்ளே நுழைந்ததும் ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும். ஆஸ்பத்திரியிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பல வருடம் பலரும் பார்த்துப் பெயர் வைக்க முடியாமல் விட்ட வயிற்று நோய்க்கு இங்கேதான் ஒரு நாள் திடீரென்று பெயர் கிடைக்கும். அந்தக் கணத்தின் பரபரப்பு இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் இவ்வளவு அவசரமாக உங்களை உள்ளே இழுத்து வந்திருக்கிறேன்.

முதலில் புட்டியோடு வரும் தாளைக் கவனியுங்கள். 'ரெக்விசிஷன் ஃபாரம்' என்பார்கள். பெயர், வயது, எங்கிருந்து எடுத்த துண்டு, என்ன தொந்தரவு என்று நாலு வரி. பெரும்பாலும் அவசரத்தில் கிறுக்கியிருக்கும். இந்த நாலு வரிக்கு எவ்வளவு சக்தி என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

அடுத்து 'க்ராஸிங்' மேசை. எத்தனை துண்டு, என்ன நிறம், என்ன அளவு என்று எழுதிக்கொண்டு, துண்டுகளை ஃபில்டர் தாளில் மடித்து, எண் போட்ட பிளாஸ்டிக் கேசட்டுக்குள் வைக்கிறார்கள். தாள் இல்லாவிட்டால் கேசட்டின் துளை வழியாகவே நழுவிப் போய்விடும், அத்தனை சிறியது! பிறகு ஓர் இயந்திரம் இரவெல்லாம் வேலை செய்கிறது. ஆல்கஹால் சதையிலிருக்கும் தண்ணீரை வெளியேற்றும், சைலீன் அந்த ஆல்கஹாலை வெளியேற்றும், கடைசியில் 60 டிகிரிச் சூட்டில் உருகிய பாரஃபின் மெழுகு உள்ளே புகும். காலையில் வந்து பார்த்தால் செல்லுக்கு செல் மெழுகு ஏறியிருக்கும்.

இப்போதுதான் டெக்னீஷியனின் கைவேலை. மெழுகு அச்சுக்குள் அந்தத் துண்டைப் படுக்கவிடாமல் நிமிர்த்தி நிற்க வைக்க வேண்டும். சிறுகுடலின் உள்தோலில் லட்சக்கணக்கான உறிஞ்சிகள் நிமிர்ந்து நிற்கின்றன அல்லவா? அவற்றின் உயரம்தான் பாதி நோய்களுக்குத் துப்பு. துண்டு சாய்ந்துவிட்டால் உறிஞ்சிகள் குறுக்காக வெட்டுப்பட்டு வெறும் வட்டங்களாகத் தெரியும்; உயரத்தை யாராலும் சொல்ல முடியாது. எத்தனை பெரிய பேராசிரியர் மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்திருந்தாலும், நிமிர்த்தி வைத்த அந்தக் கை சரியாக இருந்தால்தான் அவருக்கு வேலை. ரிப்போர்ட்டில் டெக்னீஷியனின் பெயர் வருவதில்லை. வர வேண்டும் என்பது என் கட்சி.

மெழுகுக் கட்டி இறுகியதும் அதற்குப் பெயர் 'பிளாக்'. இந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிளாக்கை மைக்ரோடோம் இயந்திரத்தில் பூட்டிக் கைப்பிடியைச் சுற்றினால், மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீளமாக இறங்குகின்றன. மூச்சுக் காற்று பட்டாலே பறந்துவிடும். அந்த 'ரிப்பனை' வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்க விட்டால் சுருக்கமெல்லாம் போய் விரிந்துகொள்ளும். அடியில் கண்ணாடித் தகட்டைக் கொடுத்து லாவகமாக ஏந்தி எடுப்பார்கள். ஸ்லைடு தயார். ஆனால் இன்னும் நிறமே இல்லை. அதற்கு ஹெமடாக்ஸிலின் என்ற சாயத்தில் முக்குகிறார்கள். மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் வளரும் ஒரு மரத்தின் வைரக்கட்டையிலிருந்து வரும் சாயம்! 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை உலகம் முழுவதும் செல்களின் உட்கருவை நீலமாக்கிக் காட்டுவது அந்த மரம்தான். அதோடு இயோசின் சேர்ந்தால் மீதியெல்லாம் இளஞ்சிவப்பு.

இனி இருட்டறை. நடுவில் மூத்த மருத்துவர், சுற்றிலும் மாணவர்கள். ஒரே ஸ்லைடை எல்லோரும் பார்க்கும்படி பல தலை வைத்த மைக்ராஸ்கோப். சின்னப் பச்சை அம்பு ஒன்று பார்வை வட்டத்துக்குள் ஓடி ஓடிக் காட்டும். "இங்க பாருங்க... இந்த செல் ஏன் இவ்வளவு நுரையா இருக்கு?"

அந்த நுரைச் செல்லுக்குப் பின்னால் இருக்கும் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். 1907, அமெரிக்காவின் பால்டிமோர் நகரம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. மிஷனரி மருத்துவர் ஒருவர், வயது 36, பல ஆண்டுகள் மூட்டுவலியால் அவதிப்பட்டு, பிறகு இருமல், எடை குறைவு, எண்ணெய் மிதக்கும் வயிற்றுப்போக்கு என்று உருக்குலைந்து இறந்துபோனார். பிரேதப் பரிசோதனை செய்தவர் ஜார்ஜ் ஹாய்ட் விப்பிள் என்ற இளம் நோயியல் மருத்துவர். சிறுகுடல் சுவரிலும் பக்கத்து நிணநீர்க் கட்டிகளிலும் கொழுப்பு தேங்கியிருப்பதையும், நுரை நுரையான செல்கள் மண்டிக் கிடப்பதையும் பார்த்தார். கொழுப்பைக் கையாள்வதில் ஏதோ கோளாறு என்று முடிவு செய்து அப்படியே பெயர் வைத்தார். வெள்ளி ஸ்டெயின் போட்ட ஒரு ஸ்லைடில் குச்சி குச்சியாகக் கிருமிகளும் அவர் கண்ணில் பட்டன! அதையும் விடாமல் எழுதி வைத்தார். அவைதான் காரணம் என்று சொல்ல அவரிடம் சான்று இல்லை. பின்னாளில் ரத்தசோகை ஆராய்ச்சிக்காக அவருக்கு நோபல் பரிசே கிடைத்தது, 1934-இல். ஆனால் இந்தக் குச்சிகளின் புதிர் அப்படியே கிடந்தது.

1949-இல் பி.ஏ.எஸ். என்ற ஸ்டெயினில் அந்த நுரைச் செல்கள் பளிச்சென்று கருஞ்சிவப்பாக ஒளிர்வது தெரிந்தது. 1952-இல் ஆன்டிபயாடிக் கொடுத்த ஒரு நோயாளி குணமானார். 1961-இல் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பாக்டீரியாவின் உடலே தெரிந்தது. 1992-இல் நோயாளிகளின் திசுவிலிருந்தே அதன் மரபணுவைப் பிரித்துப் படித்து, ட்ரோஃபெரிமா என்று குலப்பெயர் சூட்டி, விப்பிளின் பெயரையும் சேர்த்தார்கள். 2000-இல் பிரான்சின் மார்செய் நகரத்தில் திதியே ராவுல் குழுவினர் அதை ஆய்வகத்தில் வளர்த்தே காட்டினார்கள். முதன்முதலில் கண்ணில் பட்டதற்கும் பெயர் கிடைத்ததற்கும் இடையே 85 ஆண்டுகள்!

இன்றைக்கு அதே நுரைச் செல் நம் பச்சை அம்பின் முனையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.ஏ.எஸ். போடச் சொல்கிறார்கள். கருஞ்சிவப்பாக ஒளிர்கிறது. கொண்டாடிவிட முடியுமா? முடியாது! காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒன்று, எதிர்ப்புசக்தி குறைந்தவர்களின் குடலில் இதே வேடத்தில் வரும். அதனால் நம் ஊர் லேப்களில் அன்றாடம் போடும் டிபி ஸ்டெயினையும் போட்டுப் பார்க்கிறார்கள். அதில் சிவப்பாகப் பிடித்தால் அந்த உறவுக்காரன். பிடிக்கவில்லை என்றால், அறையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்பி உறுதி செய்தால், விப்பிள் நோய்! முழுப் பணிக்காலத்திலும் ஒன்றைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறும் நோயியல் மருத்துவர்கள் உண்டு.

இப்போது அந்த நாலு வரிக்கு வருவோம். கேமராவில் இந்த நோய் வெளிறிய மஞ்சள் திட்டுகளாகத் தெரியலாம். எதுவுமே தெரியாமலும் இருக்கலாம். வயிற்றுக் கோளாறு தலைகாட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மூட்டுவலி வந்துவிடுகிறது. நோயாளி மூட்டுவலிக்கு ஒரு டாக்டர், வயிற்றுக்கு ஒரு டாக்டர் என்று தனித்தனியாகப் போகிறார். மூட்டுவலிக்கு எதிர்ப்புசக்தியை அடக்கும் மருந்து கொடுத்தால் இந்தக் கிருமிக்குக் கொண்டாட்டமாகிவிடும். ஃபாரத்தில் 'வயிற்றுப்போக்கு' என்று மட்டும் எழுதியிருந்தால் பி.ஏ.எஸ். போடும் எண்ணம் வராமலே போகலாம். 'வயிற்றுப்போக்கு, எடை குறைவு, நாலு வருடமாக மூட்டுவலி' என்று எழுதியிருந்தால் படிப்பவரின் முதுகு நிமிரும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரைக் குடிக்கும் நோய். தெரிந்துவிட்டாலோ, இரண்டு வாரம் ஊசி, பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் மாத்திரை. ஒரு மனிதர் எழுந்து நடப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் நடுவில் கிறுக்கலான அரை வரி!

நம் மண்ணின் கதையும் இதில் இருக்கிறது. சிறுகுடலுக்குள் எளிதாக நுழையும் ஸ்கோப் இல்லாத காலத்தில், 1957-இல், வில்லியம் கிராஸ்பி என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் ஒரு சின்ன உலோகக் குப்பியைச் செய்தார். மெல்லிய குழாயின் நுனியில் கட்டிய குப்பி. அதை விழுங்கிவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குடலுக்குள் போய்ச் சேர்ந்ததை எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டு, வெளியிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சினால், உள்தோல் குப்பியின் துளைக்குள் இழுபடும். ஸ்பிரிங் கத்தி சட்டென்று சுழன்று வெட்டும். பிறகு குழாயைப் பிடித்து வெளியே இழுப்பார்கள். விழுங்கியவர்களின் துணிச்சலை என்னவென்று சொல்வது!

சிறுகுடல் துண்டை உயிரோடு இருப்பவரிடமிருந்தே எடுக்கலாம் என்று ஆனதும் உலகம் முழுக்கக் குடல் ஆராய்ச்சி பற்றிக்கொண்டது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் 'ட்ராபிகல் ஸ்ப்ரூ' என்ற நோயின் பின்னால் போனார்கள். 1960-களில் வேலூரைச் சுற்றிய கிராமங்களில் கொள்ளைநோயாகவே பரவி, ஆட்களை ஓயாத பேதியால் எலும்பும் தோலுமாக்கிய நோய் அது. நோயாளிகளின் குடலைப் பார்த்தவர்கள், ஆரோக்கியமாக இருப்பவர்களின் குடலையும் பார்த்தார்கள். அங்கேதான் பெரிய ஆச்சரியம்! மேற்கத்தியப் பாடப்புத்தகத்தில் இருந்த ஒல்லியான உயர்ந்த உறிஞ்சிகள் நம் மக்களிடம் இல்லை. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கே உறிஞ்சிகள் அகலமாகவும் குட்டையாகவும் இருந்தன. லண்டனில் நோய் என்று படிக்கப்படும் ஸ்லைடு, வேலூரில் நல்ல ஆளின் ஸ்லைடாக இருக்க முடியும். மின்னி மாத்தன் இதே திசுக்களை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். இந்த ஊரில் எது இயல்பு என்று தெரிந்தால்தான் எது அபூர்வம் என்று சொல்ல முடியும். அந்த அடித்தளத்தைப் போட்டது நம் வேலூர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இதுவரை இருப்பதைத் தேடினோம். இல்லாததைத் தேடும் வேலை ஒன்று உண்டு. லேபில் எல்லோரையும் நகம் கடிக்க வைப்பது அதுதான்.

பிறந்த குழந்தை இரண்டு நாளாகியும் கரும்பச்சை நிற முதல் மலத்தைக் கழிக்கவில்லை. வயிறு உப்புகிறது. பச்சையாக வாந்தி. ஏறக்குறைய 5000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயாக இருக்கலாம். கோபன்ஹேகன் நகரக் குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ரங், 1886-இல் பெர்லினில் நடந்த மாநாட்டில் இப்படி இறந்த இரண்டு குழந்தைகளைப் பற்றிப் பேசினார். பெருங்குடல் பூதாகரமாக வீங்கியிருந்தது. அதனால் பல ஆண்டுகளுக்கு எல்லோரும் வீங்கிய பகுதியையே குற்றவாளியாகப் பார்த்தார்கள். உண்மையில் வீங்கிய பகுதி அப்பாவி! கீழே, பார்ப்பதற்கு ஒழுங்காகவே தெரியும் குறுகிய பகுதியில்தான் கோளாறு. அங்கே குடலைச் சுருக்கி விரிக்க வேண்டிய நரம்பு முடிச்சுச் செல்களே இல்லை. கருவில் அவை அதுவரை வந்து சேரவில்லை. மேலிருந்து வருவது அங்கே வந்து தேங்க, மேல்பகுதி வீங்குகிறது. 1948-இல் ஆர்வர் ஸ்வென்சன் அந்தப் பகுதியை வெட்டி நீக்கி நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சையை வெளியிட்ட பிறகுதான் இந்தக் குழந்தைகளுக்கு விடிந்தது.

கண்டுபிடிப்பது எப்படி? ஆசனவாய்க்குச் சற்று மேலே உறிஞ்சும் கருவியால் துளிச் சதை எடுக்கிறார்கள். ஹெலன் நோப்லெட் 1969-இல் கொடுத்த வழி. வலியை உணரும் நரம்பு அந்த இடத்தில் இல்லாததால் மயக்க மருந்துகூடத் தேவையில்லை, தொட்டிலிலேயே எடுத்துவிடலாம். ஆனால் லேபில் பாடு ஆரம்பம். ஒரு ஸ்லைடில் நரம்பு முடிச்சுச் செல் தெரியவில்லை என்றால் அடுத்த சீவல். அதிலும் இல்லையா, அடுத்தது. பிளாக்கைச் சீவிச் சீவி ஐம்பது, நூறு சீவல்கள்! பச்சிளம் குழந்தையின் நரம்புச் செல் முதிராமல் சிறியதாக இருக்கும். பக்கத்துச் செல்களோடு கலந்து ஏமாற்றும். நிச்சயமான ஒரே ஒரு செல் கண்ணில் பட்டால் போதும், "இருக்கு!" என்று அறையே மூச்சு விடும், குழந்தைக்கு அந்த நோய் இல்லை. இல்லை என்று எழுதத்தான் கை நடுங்கும். எழுதினால் ஒரு பச்சைக்குழந்தை அறுவை மேசைக்குப் போகிறது. இப்போது கால்ரெட்டினின் என்ற ஸ்டெயின் கைகொடுக்கிறது. நரம்பு முடிச்சு இருந்தால் உள்தோலில் பழுப்பு இழைகள் தெரியும்; இல்லையென்றால் வெறிச்சென்று இருக்கும்.

உச்சக்கட்டம் அறுவை சிகிச்சை நாள். எங்கே வெட்டுவது, எங்கே நிறுத்துவது? சர்ஜனுக்குக் கண்ணால் தெரியாது. குடலிலிருந்து சின்னத் துண்டு எடுத்து அனுப்பிவிட்டுக் காத்திருப்பார். மெழுகுக்கெல்லாம் நேரமில்லை. துண்டை அப்படியே உறையவைத்து, மைனஸ் 20 டிகிரிக் குளிரில் இருக்கும் கிரையோஸ்டாட்டில் சீவி, சாயம் போட்டு, இருபது நிமிடத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். டெக்னீஷியன் ஓடுகிறார். மருத்துவர் குனிகிறார். தியேட்டருக்கு ஃபோன் போகிறது: "இருக்கு, சார். இங்கேயே இணைக்கலாம்." இதைவிடப் படபடப்பான தொலைபேசி உரையாடல் ஒரு மருத்துவமனையில் இருக்குமா என்பது சந்தேகமே.

குழந்தைகளிடம் இன்னொரு அதிசயம். எடை ஏறாத, மலத்தில் கொழுப்பு மிதக்கும் குழந்தையின் ஸ்லைடில் உறிஞ்சிகள் படத்தில் வரைந்த மாதிரி உயரமாக, அழகாக நிற்கும். ஆனால் நுனியில் இருக்கும் செல் ஒவ்வொன்றிலும் வெற்றுக் குமிழிகள்! சாப்பாட்டுக் கொழுப்பு செல்லுக்குள் வந்துவிட்டது, பொட்டலம் கட்டி ரத்தத்துக்கு அனுப்பும் புரதம் இல்லாததால் அங்கேயே தங்கிவிட்டது. ஏபீட்டாலிப்போபுரோட்டீனீமியா என்ற இந்த நோயில் ரத்தக் கொலஸ்ட்ரால் அடிமட்டத்தில் இருக்கும், சிவப்பணுக்கள் முள் முளைத்துத் தெரியும். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய். சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல். வைட்டமின் ஈ-யைச் சீக்கிரமே நிறையக் கொடுத்தால் நரம்பையும் விழித்திரையையும் பெரிதும் காப்பாற்றலாம்.

கேமராவை விழுங்கும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். ஏவுகணைகளுக்குக் கண் வடிவமைத்த இஸ்ரேலியப் பொறியாளர் கவ்ரியல் இடான் உருவாக்கிய 26 மில்லிமீட்டர் நீளக் கேப்ஸ்யூல் 2001 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. எட்டு மணி நேரத்தில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் படங்களை எடுத்துத் தள்ளும். அற்புதம்தான்! ஆனால் கிள்ளி எடுக்க அதற்குக் கையில்லை. சந்தேகமான இடத்தைக் காட்டும். பெயர் சொல்ல மறுபடி இந்தக் கதவைத்தான் தட்ட வேண்டும். சாப்பாடு நெஞ்சில் சிக்கும் இளைஞரின் உணவுக்குழாய் கேமராவில் சுத்தமாகத் தெரிந்தாலும் அனுபவசாலி மருத்துவர் பல இடங்களில் துண்டு எடுப்பது இதனால்தான். மைக்ராஸ்கோப்பின் ஒரு பார்வை வட்டத்துக்குள் 15 இயோசினோஃபில் செல்களாவது எண்ணிக்கையில் வந்தால், ஒவ்வாமையால் வரும் உணவுக்குழாய் அழற்சி அங்கே ஒளிந்திருக்கிறது.

கடைசியாக, பிளாக். மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே! விப்பிள் 1907-இல் பார்த்த அந்த மிஷனரியின் குடல் திசு தூக்கிப் போடப்படாமல் பாதுகாக்கப்பட்டது. 2003-இல் அதை எடுத்து, அந்தப் பாக்டீரியாவை மட்டும் பற்றும் எதிர்ப்புரதங்களைப் போட்டுப் பார்த்தார்கள். கிருமி அங்கேயே இருந்தது. 96 ஆண்டு கழித்து முதல் நோயாளிக்கே நோய் உறுதியானது! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

உங்களுக்கோ உங்கள் வீட்டிலோ யாருக்காவது வயிற்றில் பயாப்ஸி எடுத்திருந்தால் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள், அதில் இருக்கும் பயாப்ஸி எண்ணைக் குறித்து வையுங்கள். இரண்டாவது கருத்துக்கு வேறு ஊர் போகிறீர்கள் என்றால் ஸ்லைடையும் பிளாக்கையும் எழுதிக் கேட்டால் தருவார்கள். மெழுகு உருகிவிடும் என்பதால் பிளாக்கை வெயிலில் காரில் விட்டுவிடாதீர்கள். யூடியூப் பார்த்துவிட்டுப் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்தாதீர்கள். கோதுமை ஒவ்வாத குடல் நோய் தென்னிந்தியாவில் மிகக் குறைவுதான் என்றாலும், இருந்தால் அதன் தடயம் ஸ்லைடிலிருந்து மறைந்துபோகும். அப்புறம், ஸ்கோப்புக்குப் போகும்போது வயிற்றைப் பற்றி மட்டும் சொல்லாதீர்கள். மூட்டுவலி, வாய்ப்புண், குறைந்த எடை, சொந்தத்தில் கல்யாணம், சின்ன வயதில் இறந்த உடன்பிறப்பு, எல்லாவற்றையும் சொல்லி, "இதையும் ஃபாரத்துல எழுதிடுங்க டாக்டர்" என்று கேளுங்கள்.